கடல் கடந்து கற்றலும் கற்பித்தலும்

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சில நாள் முன்னர், நம் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றுச் சென்ற இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் கையில் ஒரு விண்ணப்பத் தாள் இருந்தது. அமெரிக்க நாட்டுக் கல்லூரி ஒன்றில் ஓராண்டுக் காலம் தமிழ் கற்பிக்கும் துணையாசிரியராக இருந்துகொண்டே, கல்வியியலிலும் சில பாடங்களைத் தாம் பயிலுதற்கு இடந்தரும் உதவித் திட்டம் ஒன்றிற்குரிய தாள் அது. பிறந்த ஊர், பெற்ற மதிப்பெண், ஆங்கிலத் தேர்வின் முடிவு முதலிய யாவும் செவ்வையாக நிரப்பப்பட்டிருந்தன. ஓரிடம் மட்டும் வெறுமையாய் இருந்தது. “எங்கள் மாணவர் நும்மிடமிருந்து கற்கக்கூடியது யாது?” என்பது அவ்விடத்திற்குரிய வினா.

“ஐயா, சர்வதேசக் கல்வித்துறையில் பணியாற்ற வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு வேண்டிய பயிற்சியைப் பெறுதற்கே யான் அங்குச் செல்ல விரும்புகின்றேன். பெறப் போகிறவனிடம் கொடுப்பது யாது என்று கேட்டால் என்ன எழுதுவது?” என்றார். அவர் குரலிற் சிறிது வருத்தமும் கலந்திருந்தது. உடனே விடை கூற என்னால் இயலவில்லை. இரண்டு நாள் கழித்து வருமாறு சொல்லியனுப்பினேன். அவ்விரண்டு நாளும் யான் எண்ணியவற்றையும், பின்னர் அவரிடம் கூறியவற்றையும் ஈண்டு ஒருவாறு தொகுத்து எழுதுகின்றேன். அத்தகைய தாளை நிரப்புவோர் நம் மாணாக்கருள் இனியும் பலர் இருப்பர்.

என் நினைவு சென்றது சேவியர் தனிநாயக அடிகளார்மீது. பிறநாட்டிற் கற்றும் பிறநாட்டிற் கற்பித்தும் அவற்றையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட தமிழர் பலர் உளர். அவருள் இவரை யான் தேர்ந்ததற்குக் காரணம், இவர்தம் வாழ்க்கையின் திருப்புமுனை உரோமாபுரியிலோ இலண்டனிலோ அமையாது, நமக்கு அணித்தேயுள்ள அண்ணாமலை நகரில் அமைந்தமையே.

அண்ணாமலை நகரைப் பற்றிச் சில சொற்கள் முதலில் வேண்டும். சிதம்பரத்தில் இருப்புப் பாதைக்கு மேற்கே கோயிலும் பழைய ஊரும், கிழக்கே பல்கலைக்கழகமும் இருப்பதை நம்மவர் அறிவர். 1920-ஆம் ஆண்டில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கியது 1929-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாயிற்று. அதனை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் குலத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் செய்து பொருளீட்டியவர். கடல் கடந்து ஈட்டிய பொருள், நெல்வயல்களின் நடுவே கட்டடமாய் எழுந்தது எனலாம். அங்கு முதன்முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-இல் அமர்ந்தவரும் கடல் கடந்து வந்தவரே. அவர் மட்டக்களப்புப் பகுதிக் காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானத்தில் இலண்டன் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள். அவர் 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் ஆயினர். ஆகவே அந்நகருக்கு இலங்கையினின்று ஒரு துறவி வருதல் புதுமையன்று. 1945-இல் வந்த துறவி பேராசிரியராக வாராமல் மாணாக்கராக வந்தார் என்பதே புதுமை.

தனிநாயக அடிகள் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள், யாழ்ப்பாணத்தைச் சார்ந்த ஊர்காவற்றுறைப் பகுதியிற் கரம்பொன் என்னும் ஊரிற் பிறந்தார். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலும், பின்னர்க் கொழும்புக் குருமடத்திலும் பயின்று, 1934-இல் உரோமாபுரி சென்றார். 1938-இற் குருப்பட்டம் பெற்றார். அங்கு அவர் இறைநூற் கலாநிதிப் பட்டத்திற்கு எழுதிய ஆராய்ச்சி, சிப்பிரியான் என்னும் அர்ச்சியசிஷ்டர் ஆயராயிருந்த காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருமாரைப் பற்றியது. அதாவது, ஆப்பிரிக்கக் கரையிலிருந்த பழைய நகரொன்றின் வரலாற்றை, இலத்தீன் மூலங்களைக்கொண்டு, இத்தாலியிலிருந்து, ஓர் யாழ்ப்பாணத் தமிழர் ஆராய்ந்தார். இருபத்தாறு வயதிற்குள் இவ்வளவும் முடிந்தன. இக்காலத்தார் கணக்கின்படி சர்வதேசக் கல்விக்கு இதனினும் சிறந்த ஆயத்தம் யாது?

ஆயினும் அவர் பெற்ற கல்வியில் ஒரு பெருங்குறை இருந்தது. இளமையில் ஆங்கிலமும் இலத்தீனுமே அவருக்குக் கல்வி மொழிகளாய் அமைந்தன. தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. உரோமாபுரியினின்று திரும்பித் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தபோதுதான், தமிழ்ச் சிறுவர் நடுவே தமக்குத் தமிழ் போதாமையை அவர் உணரலாயினர். அங்கேயே பண்டிதர் ஒருவரிடம் பாடங்கேட்கத் தொடங்கினார். பள்ளியிற் பகலில் ஆசிரியர்; தமிழ்ப் புத்தகத்தின் முன் மாணாக்கர். இவ்வாறு சில ஆண்டுகள் கழிந்தன.

இதனோடும் அவர் நின்றிருக்கலாம். கலாநிதிப் பட்டம் கையில் இருந்தது. பள்ளியில் மதிப்பு இருந்தது. ஆனால் 1945-இல் முப்பத்திரண்டாம் வயதில் அவர் அண்ணாமலை நகருக்கு வந்து, தம்மினும் பத்து வயது இளையரான மாணாக்கரோடு ஒரே பலகையிற் சேர்ந்திருந்து தமிழ் கற்றார். எம். ரத்தினசாமி அவர்கள் அப்போது துணைவேந்தர். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றபின், மேலும் தங்கி எம். லிட். பட்டத்திற்கும் ஆராய்ந்தார். நான்கு ஆண்டு வாழ்க்கை இவ்வாறு அங்கு நடந்தது. இவரை ‘மேனாட்டில் படித்து வந்தவர்’ என்று மட்டும் கூறுவோர் இந்நான்காண்டுகளை ஓரடியிற் கடந்துபோகின்றனர். என் எண்ணத்தில், உரோமாபுரிப் படிப்பிற்குப் பொருள் கிடைத்தது இங்கேதான்.

எவ்வாறெனின், அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருளைக் காண்க. பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்பது அப்பொருள். தமிழ் மட்டும் அறிந்தார்க்குத் திணை என்பது இலக்கணத்திற் பாடமாக வரும் ஒரு பாகுபாடு. குறிஞ்சி மலை, முல்லை காடு, மருதம் வயல், நெய்தல் கடற்கரை, பாலை வறண்ட நிலம் என மனனஞ் செய்து, முதல், கரு, உரி என்று பிரித்தெழுதித் தேர்விற் தேறிவிடுவோம். யானும் அவ்வாறே தேறினேன். இது வியத்தற்குரிய ஒன்று என்று எனக்கு அக்காலத்தில் எவரும் கூறவில்லை. இலத்தீனும் கிரேக்கமும் பயின்ற கண்ணுக்கோ இது வேறாகத் தோன்றும். தியாக்கிரீட்டஸும் வர்ஜிலும் ஆயர் வாழ்க்கையைப் பாடினர். சோலையும் ஊற்றும் மந்தையும் அவர்தம் பாடல்களில் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் நிலம் முழுவதையும் வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொழுதும், ஒரு பூவும், ஒரு பறவையும், ஒரு தொழிலும் அமைத்து, காதல் வாழ்வின் ஒவ்வொரு நிலையையும் ஒவ்வொரு நிலத்தோடு பிணைத்து, புலவர் கூட்டம் முழுவதும் பல தலைமுறை அம்முறையிலேயே பாடிய செய்தி அந்நூல்களில் இல்லை. அயலிலக்கியத்தை ஆழ்ந்து கற்றமையால், நம் இலக்கியத்தில் எது பொது, எது தனி என்று பிரித்தறியும் ஆற்றல் அடிகளாருக்கு அமைந்தது. ஒப்புநோக்கற்கு இரண்டு பொருள் வேண்டும். உரோமாபுரியில் ஒன்றைப் பெற்றார். மற்றொன்றை அண்ணாமலை நகரிற் பெற்றார்.

அந்நூலின் பெயர் மாறிய வரலாறும் நமக்கு ஒரு பாடமாகும். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அது 1952-இல் ‘பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. 1966-இல் மீண்டும் பதிப்பித்தபோது அதன் பெயர் ‘நிலத்தோற்றமும் கவிதையும்’ எனப் பொருள்படுவதாயிற்று. இம்மாற்றத்திற்கு யான் கருதும் காரணம் இது: ‘இயற்கை’ என்பதற்கு ஆங்கிலேயர் வழங்கும் சொல்லைக் கேட்டவுடன் அந்நாட்டு மாணாக்கர்க்கு வேர்ட்ஸ்வர்த்தின் நினைவு வரும், மனிதரைவிட்டு விலகித் தனித்து மலையுச்சியில் நிற்கும் புலவரின் நினைவு வரும். திணையில் மனிதரில்லாத இயற்கை இல்லை. மீன் உணக்கும் மகளிரும் உப்பு விற்போரும் இல்லாமல் நெய்தல் ஏது? ‘நிலத்தோற்றம்’ என்னும் சொல் அதற்குச் சற்று அணித்தாக வருகின்றது. அயல்நாட்டு வகுப்பறையிற் பல ஆண்டு நின்று, மாணாக்கர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசியவர்க்கன்றி, இத்தகைய சொல்வேற்றுமை எளிதிற் புலப்படாது. கற்பித்தல் என்பது கற்றதை மீண்டும் ஒருமுறை கற்றல் என்று பெரியோர் கூறுவது இதுபற்றியே போலும்.

அண்ணாமலை நகரிலிருந்து கிழக்கே சென்றால் வயல் குறைந்து உப்பங்கழி தோன்றும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும், வெள்ளாறு கடலிற் புகும் பரங்கிப்பேட்டையும் தொலைவில் இல்லை. மருதம் நெய்தலாக மாறுவதை ஒரு மாலைப்பொழுதில் நடந்தே கண்டுவரலாம். திணை ஆராய்ந்த மாணாக்கர்க்கு அவ்வூர் இதனினும் ஏற்றதாக வாய்த்திராது.

1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவிய அடிகளார், அடுத்த ஆண்டு முதல் ஜப்பானுக்கும் அமெரிக்கக் கண்டங்களிரண்டிற்கும் சென்று தமிழைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். தமிழைப் பற்றிய இதழை ஆங்கிலத்தில் நடத்துவானேன் என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்பாருளர். இந்தியாவின் பண்டை இலக்கியம் என்றாற் சமஸ்கிருதமே என்று பிறநாட்டுக் கல்விக்கூடங்கள் பெரும்பாலும் எண்ணியிருந்த காலம் அது. அவ்வெண்ணத்தை மாற்ற விரும்புவோர், அவர்கள் படிக்கும் மொழியிலும் அவர்கள் ஒப்புக்கொள்ளும் சான்று முறையிலும் எழுதவேண்டுமேயன்றி, நம்முள் நாமே பாராட்டிக்கொள்வதாற் பயனில்லை. அவ்விதழின் கட்டுரைகளிற் பெருமிதம் உண்டு. ஆனால் சான்று காட்டாத பெருமிதம் அரிது. நம் மேடைகளில் நாளும் கேட்கும் பேச்சுக்களுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, நம் இளைஞர் பலர் கவனியாது விடும் ஒரு செய்தியைக் கூறுவேன். 1952 முதல் 1961 வரை அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். தமிழ்த் துறையில் அல்லர், கல்வித் துறையில். அஃதாவது, பள்ளி ஆசிரியராகப் போவோர்க்குக் கற்பிக்கும் முறையைக் கற்பிக்கும் வேலை. இடையே 1955-இல் இலண்டன் சென்று, 1957-இல் அப்பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கு அவர் எடுத்த பொருளும் கல்வியைப் பற்றியதே. பண்டைத் தமிழ் இலக்கியத்திற் காணும் கல்விக் கொள்கைகள் அவ்வாராய்ச்சியின் பொருள். நாற்பத்து நான்கு வயதில் மீண்டும் ஒருமுறை தேர்வாளர் முன் நின்றவரைக் கண்டு நாம் நாணவேண்டும். இருபத்திரண்டு வயதில் ‘படிப்பு முடிந்தது’ என்று சொல்லிக்கொள்கின்றோம் அல்லமோ?

இப்பத்தாண்டுப் பணியை அவர் வரலாறு எழுதுவோர் பலர் விரைந்து கடந்து மலேயாவிற்குப் போய்விடுவர். யான் இங்கே சற்று நிற்க விரும்புகின்றேன். மொழியும் இலக்கியமும் அறிந்தார் பலர். அவற்றை அறியாதாரிடம் கொண்டுசெல்லும் வழி அறிந்தார் சிலர். வழி என்பது தனியே கற்கவேண்டிய ஒரு கலை. பாடத்திட்டம் எவ்வாறு வகுப்பது, முதலாண்டிற்கு எது, மூன்றாமாண்டிற்கு எது, எவ்வகைத் தேர்வு, எப்படிப்பட்ட நூற்பட்டியல் என்பன யாவும் அக்கலையில் அடங்கும். நம் நாட்டிலிருந்து பிறநாடு சென்று தமிழ் கற்பித்த நல்ல புலவர் சிலர் அங்கு வகுப்பில் இடர்ப்பட்டதற்குக் காரணம் தமிழ் குறைந்தமை அன்று. இங்குத் தாய்மொழியாளர்க்குக் கற்பித்தவாறே அங்கும் கற்பிக்க முயன்றனர். ‘அ’ என்பதைக் காதாலும் கேட்டறியாத மாணாக்கரிடம் நன்னூற் சூத்திரத்தோடு தொடங்கினால் என்னாகும்?

1961-இல் கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகம் அடிகளாரை இந்திய இயல் துறையின் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1969 வரை அங்கிருந்தார். அவர் முன் அமர்ந்த தமிழ் மாணாக்கருட் பலரின் முன்னோர் இரப்பர்த் தோட்டங்களிற் கூலி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை வருதல் அவர்களுக்கு எளிய வழியன்று. அவர்கள் நடுவில் நின்று அவர் ஆற்றிய தொடக்கப் பேருரையின் பொருள் யாது என்று நினைக்கின்றீர்கள்? இந்தியச் சிந்தனையும் உரோமாபுரி ஸ்டோயிக்கர் கொள்கையும் என்பது. செனெக்காவையும் மார்க்கஸ் ஔரேலியஸையும் ஒருபுறமும், வள்ளுவரையும் சங்கப் புலவரையும் மற்றொருபுறமும் வைத்து, உலகம் முழுவதையும் ஒரே ஊராகக் கருதிய உள்ளம் இரு நாட்டிலும் எவ்வாறு இருந்தது என்று அவர் ஆராய்ந்தார். முப்பதாண்டுக்கு முன் குருமடத்திற் கற்ற இலத்தீன், தமிழ்ப் பேராசிரியரின் பேருரைக்கு உதவிற்று. எந்தப் படிப்பு எங்கே பயன்படும் என்று முன்னரே கணக்கிட்டு மேற்கொள்வோர்க்கு இத்தகைய பேறு வாய்த்தல் அரிது.

அவர்தம் பயணங்களில் நூல்நிலையங்களுக்குத் தனியிடம் உண்டு. எந்நகர்க்குச் சென்றாலும் அங்குள்ள பழைய சுவடிகளையும் அச்சு நூல்களையும் தேடும் வழக்கமுடையவர். முத்துக்குளித் துறையில் வாழ்ந்த அந்திரிக் அடிகளார் தமிழெழுத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதற்கும் முன்னர், 1554-இல் லிஸ்பன் நகரில், தமிழை உரோம எழுத்துக்களால் எழுதி அச்சிட்ட சிறுநூல் ஒன்று வெளிவந்திருந்தது. இவை போன்ற முதல் அச்சு நூல்களைப் பற்றி அடிகளார் 1958-இல் தம் இதழில் விரிவாக எழுதினார். புரோவென்சா அடிகளார் தொகுத்து 1679-இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியின் படி வத்திக்கான் நூல்நிலையத்தில் இருந்தது. அதனை 1966-இல் கோலாலம்பூரிலிருந்து, பழைய பக்கங்களின் உருவம் மாறாமல், வெளியிட்டார். போர்த்துக்கீசியமும் இத்தாலியமும் அறியாத தமிழறிஞர் ஒருவர் அந்நூலைக் கையில் எடுத்தாலும் அதன் பயன் அவர்க்கு விளங்கியிராது. தமிழறியாத போர்த்துக்கீசியர் எடுத்தாலும் அவ்வாறே. பதினேழாம் நூற்றாண்டிற் பேச்சுவழக்கில் இருந்த எத்தனையோ சொற்கள் அதில் உள்ளன.

அதே 1966-இல் தமிழாய்வுக்குரிய நூல்களின் வழிகாட்டி ஒன்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நூற்பட்டியல் தொகுத்தல் பெயர் தராத வேலை; கண்ணைக் கெடுக்கும் வேலை. ஆயினும் பாரிசிலோ பிராகிலோ தமிழ் பயிலத் தொடங்கும் ஒருவர்க்கு முதலில் வேண்டுவது அதுவே. ஆசிரியர் ஒருவர் தாம் இல்லாத வகுப்பறைக்கும் உதவ வேண்டுமாயின் இத்தகைய கருவிகளைச் செய்துவைக்க வேண்டும்.

இனி அவர் பெயரை யாவரும் அறியச் செய்த செயலைச் சுருக்கமாகக் கூறுவேன். 1964 ஜனவரித் திங்களில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் இருபத்தாறாவது அகில உலக மாநாடு கூடிற்று. அங்கு வந்திருந்த தமிழறிஞர்களை ஒருங்கு கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவப்பெற்றது. பாரிசைச் சேர்ந்த ழான் பிலியோசா தலைவர். பிராகைச் சேர்ந்த கமில் சுவெலபிலும் தனிநாயக அடிகளும் செயலாளர். பிலியோசா முதலில் கண் மருத்துவர். பின்னர் இந்திய இயலில் ஈடுபட்டு, 1955-இல் நம் கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர். அம்மன்றத்திற்கு முயன்றவருள் மற்றொருவர் வ. அய். சுப்பிரமணியம். அவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவர். அமெரிக்க நாட்டு இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் 1957-இல் மொழியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர். முதல் மாநாடு 1966 ஏப்ரலிற் கோலாலம்பூரில் நடந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். சென்னையில் 1968-இலும், பாரிசில் 1970-இலும், யாழ்ப்பாணத்தில் 1974-இலும் அடுத்த மாநாடுகள் கூடின. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாளன்று நேர்ந்த உயிரிழப்பு அவருடைய பிறந்த மண்ணிலேயே நிகழ்ந்த பெருந்துயரம். 1980 செப்டம்பர் முதல் நாள் அவர் இவ்வுலகை நீத்தார்.

இவ்வரலாற்றைக் கேட்ட இளைஞர் ஒரு தடை எழுப்பினார், அது நியாயமானதே. “ஐயா, அவர் துறவி. மனைவி மக்கள் இல்லை. வட்டி கட்டவேண்டிய வங்கிக் கடன் இல்லை. நாங்கள் சென்றால் இரண்டாண்டிற் பொருள் திரும்ப வேண்டும். முப்பத்திரண்டு வயதில் மீண்டும் கல்லூரிப் பலகையில் அமர எங்களால் ஆகுமா?” என்றார். ஆகாது என்பதே பெரும்பாலார்க்கு உண்மை. அடிகளாரை அப்படியே பின்பற்றுமாறு எவர்க்கும் கூற யான் துணியேன். மேலும், பிறநாட்டுப் படிப்பை விற்கும் முகவர் சிலர் நம் நகரங்களில் தெருத்தோறும் பலகை தொங்கவிட்டிருக்கும் இந்நாளில், பெற்றோரின் நிலம் அடகு போவதை யான் நேரிற் கண்டிருக்கின்றேன். எத்துறைக்குப் போகின்றான் என்பதை அறியாமலே விமானமேறிய மாணவனும் உண்டு.

ஆனால் அடிகளாரிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது அவருடைய வயதும் அன்று, பட்டங்களின் எண்ணிக்கையும் அன்று. அவர் ஒவ்வோரிடத்திலும், வேறோரிடத்திற் கற்றதைக் கொடுத்தார். வடக்கன்குளத்துப் பிள்ளைகளுக்கு மேனாட்டுக் கல்வியைக் கொடுத்தார். அமெரிக்கர்க்கு அண்ணாமலை நகரில் கற்ற தமிழைக் கொடுத்தார். இலண்டனிற் பெற்ற கல்வியியலையும் உரோமாபுரியிற் பெற்ற இலத்தீனையும் கோலாலம்பூருக்குக் கொண்டுசென்றார். இவ்வழி எதிர்த்திசையிலும் ஓடியிருக்கின்றது. ஜி. யு. போப்பையர் தென்பாண்டி நாட்டுச் சாயர்புரத்திலும், தஞ்சையிலும், உதகையிலும் பள்ளி ஆசிரியராக உழைத்து, முதுமையில் ஆக்ஸ்போர்டிற் தமிழ் கற்பித்தார். அங்கிருந்தபடியே 1886-இல் திருக்குறளையும், 1893-இல் நாலடியாரையும், 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆக்ஸ்போர்டு ஆசிரியரை ஆயத்தம் செய்தது சாயர்புரத்து வகுப்பறை என்றால் மிகையாகாது.

“எனவே, நீர் கொண்டுசெல்வது யாது?” என்று அவ்விளைஞரைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “யான் படித்த தமிழ் எல்லார்க்கும் தெரிந்ததுதானே, ஐயா?” என்றார். அவர் ஊர் யாது என்று வினவினேன். கிள்ளைக்கு அருகே ஒரு மீனவர் குப்பம் என்றார். தந்தையும் பாட்டனாரும் கடலுக்குச் செல்பவராம்.

“நும் பாட்டனார் காற்றுக்கு எத்தனை பெயர் சொல்லுவார்?” என்றேன்.

அவர் நகைத்துவிட்டார். பின்னர் விரல் மடக்கத் தொடங்கினார். வடக்கேயிருந்து வந்தால் வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், தெற்கேயிருந்து சோழகம், மேற்கே கச்சான். எந்தக் காற்றில் எந்த வலை, எந்த மாதத்தில் எந்த மீன், நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும், கரையில் நின்று பார்த்தே கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முதியவர் எவ்வாறு சொல்லுவார் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. வாடையும் கொண்டலும் ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செய்யுட்களிலும் வருவன என்பதை யான் நினைவூட்டினேன். பாடப் புத்தகத்தில் அவற்றை அவர் படித்தே இருந்தார். தம் வீட்டுச் சொல்லும் அச்செய்யுட் சொல்லும் ஒன்றே என்று அதுவரை சேர்த்து எண்ணியதில்லை.

தாளில் அவ்வினாவிற்கு விட்டிருந்த இடம் நான்கு வரி. அவர் என் மேசையிலிருந்தே எழுதத் தொடங்கி, இடம் போதாமல் தனித்தாள் ஒன்று கேட்டார். கொடுத்தேன். நிலமும் காற்றும் தொழிலும் பற்றிய சொற்களைக்கொண்டு முதலாண்டு மாணாக்கர்க்குத் தமிழ் தொடங்குவது எவ்வாறு என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் இரண்டோரிடம் திருத்தினேன். சோழகத்திற்கு ஆங்கிலம் என்ன என்று கேட்டார். தென்காற்று என்று பொருள்படவே எழுதலாம், ஆயினும் தமிழ்ச் சொல்லையும் விடாமல் எழுதுக என்றேன். தாள் சென்றுவிட்டது. விடை இன்னும் வரவில்லை.